விமானம் ரத்தாகி நடுவழியில் மாட்டிக்கொண்டால்

துபாய், தோஹா, ரியாத், லண்டன் என்று எங்கிருந்து கிளம்பினாலும் திருச்சிக்கோ மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ வந்து சேர பலர் இரண்டு விமானம் மாற வேண்டியிருக்கிறது. ஒன்று ரத்தானால் அடுத்ததும் கையைவிட்டுப் போகும். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையம் மூடிக் கிடந்தது. 2024 ஏப்ரல் 16 மழையில் துபாய் ஓடுபாதையே வெள்ளக்காடானது. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியை மூடியது. அதே ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. காரணம் எதுவாக இருந்தாலும் மாட்டிக்கொண்டவர் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றுதான். முதல்முறை இப்படி ஊருக்கு வருகிறவர்களுக்காக அதை வரிசையாகச் சொல்கிறோம்.

டிக்கெட் போடும்போது

முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆர் எண்ணில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். துபாய்–மும்பை ஒரு நிறுவனம், மும்பை–மதுரை வேறு நிறுவனம் என்று தனித்தனியாகப் போட்டால் இரண்டு மூவாயிரம் ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி, அந்த டிக்கெட் போச்சு. முதல் நிறுவனமோ "மும்பையில் கொண்டுவந்து இறக்கிவிட்டோமே" என்று கைகழுவிவிடும். ஒரே பி.என்.ஆர் என்றால் மதுரை வரை கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. டிராவல்ஸில் "ஒரே டிக்கெட்தான் சார்" என்று சொல்லி இரண்டு பி.என்.ஆர் கொடுப்பதும் உண்டு. தாளில் எத்தனை ஆறெழுத்து எண் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நிறுவனங்கள் கூட்டாகப் பறக்கும்போது ஆளுக்கொரு ஆறெழுத்து எண் தருவதும் வழக்கம் என்பதால், சந்தேகம் வந்தால் 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைப் பாருங்கள். பயணத்தின் எல்லா விமானங்களுக்கும் அது ஒன்றாக இருந்தால் ஒரே டிக்கெட். முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் காட்டும்: 098 ஏர் இந்தியா, 176 எமிரேட்ஸ், 157 கத்தார் ஏர்வேஸ், 603 ஸ்ரீலங்கன். பிரச்சினை வந்தால் போய் நிற்க வேண்டியது பெரும்பாலும் அவர்களிடம்தான்.

தனித்தனி டிக்கெட் தவிர வேறு வழியில்லை என்றால் நடுவில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் விடுங்கள். குடியேற்ற வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது, சுங்கம், ஒருவேளை முனையம் மாறுவது, திரும்பப் பாதுகாப்புச் சோதனை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் டெல்லி வழி என்றால் அதுவும் போதாது. அதிகாலை மூடுபனியில் தொடங்கும் தாமதம் சாயங்காலம் வரை இழுக்கும்.

அன்றைய கடைசி விமானத்தை இணைப்பாக எடுக்காதீர்கள். காலையில் ஒரு விமானம் அரை மணி தாமதமானால், அதே விமானம் நாலு ஊர் சுற்றி இரவு உங்களிடம் வரும்போது மூன்று மணி நேரத் தாமதமாகியிருக்கும். அதற்குள் பைலட்டின் பணிநேர வரம்பும் முடிந்துவிட்டால் மாற்றுக் குழு இல்லாமல் ரத்தாகும். ஐந்து மணி நேரம் உட்கார வைத்துவிட்டு நள்ளிரவில் ரத்து என்று அறிவிப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

தேதி விஷயத்தில் ஆண்டுக்கணக்காகப் பயணம் செய்பவர்களே ஏமாறுகிறார்கள். 15-ஆம் தேதி 00:30 என்று டிக்கெட்டில் இருந்தால் 14-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

அடுத்தது உங்கள் கைபேசி எண். ஏஜென்ட் டிக்கெட் போட்டால் பல நேரம் தன் எண்ணையே கொடுத்துவிடுவார். ரத்தானது பற்றிய குறுஞ்செய்தி அவருக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். டிக்கெட் வந்ததும் நிறுவனத்தின் செயலியில் பி.என்.ஆர் போட்டுத் திறந்து, உங்கள் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு சேருங்கள், ஊரில் இருப்பவர் எண் ஒன்றையும் சேருங்கள். இதில் பணமும் இருக்கிறது. தொடர்புத் தகவலைச் சரியாகக் கொடுக்காத பயணிக்கு ரத்து இழப்பீடு தர வேண்டியதில்லை என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ-வின் விதியிலேயே உள்ளது.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்

பெட்டி உங்களைவிட்டுப் பிரிந்து இரண்டு நாள் ஆகலாம் என்று நினைத்துக்கொண்டு கட்டுங்கள். மூன்று நாள் மாத்திரையும் மருத்துவர் சீட்டும், ஒரு மாற்றுடை, காலுறை, ஒரு கனமான சால்வை. குளிர்சாதனம் இரவு இரண்டு மணிக்கு மேல்தான் உறைக்கும். பவர்பேங்க் கைப்பையில் மட்டுமே அனுமதி, 100 வாட்-மணிக்கு உட்பட்டதாக, அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச்-க்குள் இருக்கட்டும், அளவு அதன் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். எமிரேட்ஸ் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்த 2025 அக்டோபரிலிருந்து தடை. எனவே ஏறுவதற்கு முன்பே போனை நிரப்பிக்கொள்ளுங்கள். துபாய், தோஹா, சிங்கப்பூர், லண்டன் எல்லாம் சதுர மூன்றுமுனை பிளக். நம் ஊர் உருண்டைமுனை சார்ஜருக்கு ஒரு அடாப்டர் வேண்டும்.

முறுக்கு, தட்டை, கடலைமிட்டாய் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஊறுகாய், தொக்கு, நெய் எல்லாம் திரவக் கணக்கில் வரும், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். இந்திய வங்கி அட்டையை நம்பி வருகிறீர்கள் என்றால், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் கிளம்பும் முன்பே திறந்து வையுங்கள். டிக்கெட், பாஸ்போர்ட், விசாவின் நகலைத் தாளிலும் வைத்திருங்கள். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தாளில் டிக்கெட் வைத்திருந்தவர் அன்று கொடுத்துவைத்தவர்.

ரத்து என்று தெரிந்த முதல் அரை மணி நேரம்

முந்நூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே கவுன்டருக்கு ஓடுவார்கள். அடுத்த விமானத்தில் இருக்கும் காலி இடமோ முப்பதாக இருக்கலாம். அதனால் எல்லா வழியிலும் ஒரே சமயத்தில் முயல வேண்டும்.

1. வரிசையில் நின்றுகொண்டே செயலியைத் திறங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் மாற்று விமானத்தை அங்கேயே காட்டும். பிடித்தமானது இருந்தால் உடனே தேர்ந்தெடுங்கள், அந்த இடம் அடுத்த நிமிடம் இருக்காது.

2. "டிக்கெட்டை ரத்து செய்" என்ற பொத்தானைத் தொடாதீர்கள். ரத்து செய்தவர் அவர்கள். நீங்கள் அழுத்தினால் அது உங்கள் விருப்ப ரத்தாகி, பிடித்தம் போகத்தான் பணம் வரும். "நிறுவனம் ரத்து செய்தது, முழுப் பணமும் திரும்ப வேண்டும்" என்று காட்டும் தெரிவு தனியாக இருக்கும், தேவைப்பட்டால் அதை எடுங்கள்.

3. இன்னொருவர் போனில் அழைக்கட்டும். ஊரில் இருக்கும் தம்பியிடம் பி.என்.ஆரைக் கொடுத்து, நிறுவனத்தின் இந்திய எண்ணில் அழைக்கச் சொல்லுங்கள். துபாயில் ஆயிரம் பேர் காத்திருக்கும் நேரத்தில் இந்திய எண் சீக்கிரம் கிடைக்கலாம்.

4. கவுன்டருக்குப் போகும்போது உங்களுக்கு வேண்டிய விமானத்தின் எண்ணோடு போங்கள். "எப்படியாவது அனுப்புங்க" என்றால் நாளை மறுநாள் டிக்கெட் கிடைக்கும். "இன்று இரவு கொச்சி விமானத்தில் இடம் இருக்கிறது, அதில் மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டால் ஊழியருக்குத் தேடும் வேலை மிச்சம். திருச்சிக்கு இல்லையென்றால் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, பெங்களூரு, கொச்சி, திருவனந்தபுரம் எல்லாவற்றையும் பார்த்து வையுங்கள். ஒரு எச்சரிக்கை: திருச்சியின் குறியீடு டி.ஆர்.இசட், திருவனந்தபுரம் டி.ஆர்.வி. அவசரத்தில் மாறிப்போகும். புதிய டிக்கெட்டைக் கவுன்டரைவிட்டு நகரும் முன் படித்துப் பாருங்கள்.

5. மாற்று விமானம் மூன்றாவது நாடு வழியாகப் போனால் ட்ரான்சிட் விசா வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் இரண்டு விமான நிலையங்கள் தொட்டுப் போனால், உதாரணமாக பாரிஸில் மாறி பிராங்க்பர்ட்டில் மாறினால், நீங்கள் ஷெங்கனுக்குள் நுழைந்ததாகவே கணக்கு. முழு விசா இல்லாத இந்திய பாஸ்போர்ட்காரரை ஏற்றவே மாட்டார்கள்.

6. ரத்துக்கான காரணத்தைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ கேட்டு வாங்குங்கள். அறிவிப்புப் பலகையையும் நேரம் தெரியும்படி படம் எடுங்கள். பிறகு "வானிலைதான் காரணம்" என்று கதை மாறும்போது இது பேசும்.

கவுன்டர் ஊழியரிடம் கத்துவதில் பலன் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கத்துகிறார்கள். அந்த நிமிடத்தில் விதிக்கு அப்பால் உங்களுக்கு ஒரு இடம் தேடிக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

அவர்கள் தர வேண்டியது என்ன

இந்தியாவிலிருந்து இந்திய நிறுவனத்தில் பறந்தால் டி.ஜி.சி.ஏ விதி. ரத்தானால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், தெரிவு உங்களுடையது. முன்கூட்டியே சொல்லாமல் ரத்து செய்தால் கூடுதலாக இழப்பீடு: ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. தாமதத்துக்கு, பயண நேரத்தைப் பொறுத்து 2 முதல் 4 மணி நேரத்துக்குப் பிறகு சாப்பாடு உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, இரவு 8 முதல் அதிகாலை 3 வரை கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ ஓட்டல் அறை. மூடுபனி, புயல், வான்வெளி மூடல் போன்றவை காரணம் என்றால் இழப்பீடு கிடையாது, அறையும் கட்டாயமில்லை. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் மாற்று விமானம் அல்லது பணம் என்பது எந்தக் காரணத்துக்கும் மாறாது.

ஐரோப்பாவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு நிலைமை மேல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி அங்கிருந்து புறப்படும் எந்த நாட்டு விமானத்துக்கும் பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் 600 யூரோ வரை, பிரிட்டனில் 520 பவுண்டு வரை. ஒரே டிக்கெட்டில் பிராங்க்பர்ட்–துபாய்–சென்னை என்றால், துபாயில் இணைப்பு தவறினாலும் சென்னை வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத்தான் தாமதம் கணக்கிடப்படும். இயற்கைச் சீற்றம் என்றால் இந்த இழப்பீடு போய்விடும். ஆனால் சாப்பாடும் அறையும் போகாது. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் மாட்டிக்கொண்ட பயணிக்கும் அந்தக் கடமை இருந்தது என்று 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறை தராவிட்டால் சுமாரான ஓட்டலில் தங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மதுபானமும் ஐந்து நட்சத்திரமும் அந்த ரசீதில் இருந்தால் தர மாட்டார்கள்.

அமெரிக்காவில் ரத்துக்கும் தாமதத்துக்கும் இழப்பீட்டுச் சட்டம் இல்லை. ரத்தானாலோ, பன்னாட்டு விமானம் 6 மணி நேரம் தாமதமானாலோ, நீங்கள் பயணத்தை வேண்டாம் என்றால் பணம் திரும்ப வர வேண்டும், கடன் அட்டைக்கு 7 வேலைநாளில். வவுச்சர் தருகிறோம் என்றால் பணமே போதும் என்று சொல்லுங்கள்.

முத்திரை குத்திய பிறகு ரத்தானால்

பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை விழுந்து, கேட்டில் உட்கார்ந்த பிறகு ரத்தானால் நீங்களாக வெளியே நடந்துவிட முடியாது. நிறுவன ஊழியர் கூட்டமாக அழைத்துப் போய் அந்த முத்திரையை ரத்து செய்ய வைப்பார். டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதைத் திரும்ப ஒப்படைக்க வேண்டியிருக்கும், ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். இந்தியாவில் உள்நாட்டு விமானத்துக்கும் இதே கதைதான். பாதுகாப்புச் சோதனை தாண்டிய பயணியை வெளியேவிட, விமான நிலையத்தைக் காக்கும் மத்தியப் படையான சி.ஐ.எஸ்.எஃப் காவலரிடம் இருக்கும் பதிவேட்டில் நிறுவன ஊழியர் பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

சவுதியிலிருந்து, நாட்டைவிட்டு வெளியேற அங்கே தரும் எக்ஸிட் விசாவில் கிளம்பியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முத்திரை ரத்தானதா, விசாவின் கெடு அடுத்த விமானம் வரை நிற்கிறதா என்று அங்கேயே கேட்டு உறுதி செய்யுங்கள், கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ-வுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

நீண்ட காத்திருப்பு

பத்து மணி நேரக் காத்திருப்பு தெரிந்தே டிக்கெட்டில் வந்தால் முதலில் அந்த நிறுவனத்திடம் ஓட்டல் கேளுங்கள். தங்களுடைய அட்டவணையில் அதைவிடக் குறைந்த இணைப்பு இல்லாதபோது சில நிறுவனங்கள் இலவசமாகத் தங்க வைக்கும். எமிரேட்ஸின் துபாய் கனெக்ட் அப்படி ஒன்று. குறைந்தது ஒரு நாள் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும், போய் இறங்கிக் கேட்டால் கிடைக்காது. காசு கொடுப்பதாக இருந்தால், துபாயிலும் தோஹாவிலும் முனையத்துக்குள்ளேயே ஓட்டலும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தூங்கும் பெட்டிகளும் இருக்கின்றன, விசா தேவையில்லை.

வீட்டுக்குத் தகவல் சொல்வதில் ஒரு சிக்கல். அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பு வேலை செய்யாது. செய்தி போகும், குரல் பதிவு போகும், அழைப்பு போகாது. அங்கே எல்லோரும் பயன்படுத்தும் போட்டிம் செயலியைக் கிளம்பும் முன் வீட்டுப் போனிலும் போட்டுவிடுங்கள். இந்திய விமான நிலையங்களில் தலைகீழ்ச் சிக்கல்: வைஃபைக்கு ஓ.டி.பி வேண்டும், உங்கள் இந்திய சிம் செத்துப்போயிருக்கும். பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் தகவல் கவுன்டரில் காட்டிக் கடவுச்சொல் கேளுங்கள்.

தூங்குவதாக இருந்தால் கைப்பை வாரைக் காலில் சுற்றிக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும். அலாரத்தை உள்ளூர் நேரத்துக்கு வையுங்கள். அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னே, கத்தார், குவைத், சவுதி இரண்டரை மணி நேரம் பின்னே. துபாய், மும்பை, சென்னையில் போர்டிங்குக்கு மைக்கில் கூப்பிடுவதில்லை, பலகையைத்தான் பார்க்க வேண்டும். கேட் எண் கடைசி நேரத்தில் மாறும். துபாயில் கேட்டுக்குக் கேட் ரயில் ஏறிப் போக வேண்டியிருக்கும், இருபது நிமிடம் அதற்கே போய்விடும்.

இந்தியாவில் இறங்கிய பிறகு

பெட்டியில் ஒட்டிய சீட்டில் மதுரையின் குறியீடான ஐ.எக்ஸ்.எம் என்றே அச்சிட்டிருந்தாலும், மும்பையிலோ டெல்லியிலோ சென்னையிலோ இறங்கியதும் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி, மறுபடி இணைப்புக் கவுன்டரில் போட வேண்டும் என்பதே பொதுவான நடைமுறை. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பெட்டி தானாக வந்துவிடும் என்று நேரே போய்விடுகிறார்கள், பெட்டி மும்பை பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். செக்-இன் கவுன்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டியூட்டி ஃப்ரீ பாட்டில், வாசனைத் திரவியம் எல்லாவற்றையும் அந்த இடைவேளையில் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். உள்நாட்டுச் சோதனையில் சீல் வைத்த பையையும் அனுமதிக்காமல் போகலாம்.

சென்னை வரை வந்து, திருச்சி விமானம் ரத்தானால் விமான நிலையத்திலேயே இரவைக் கழிப்பதைவிடத் தரைவழி உத்தமம். கடைசித் துண்டுக்கான பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, எதிரே இருக்கும் திரிசூலம் நிலையத்துக்கு நடந்து போனால் தாம்பரம் நாலு ஸ்டாப். தென்மாவட்ட ரயில்கள் பல அங்கே நிற்கும். பேருந்து என்றால் கிளாம்பாக்கம், திருச்சிக்கு ஆறு மணி நேரம் ஆகும். புயல் நாளில் மட்டும் இந்த யோசனை வேண்டாம், ரயிலும் நின்றிருக்கும். உள்நாட்டு முனையத்தில் காத்திருப்பவர்கள் செக்-இன்னுக்கு முன்னால் இருக்கும் உடான் யாத்ரி கஃபேயைத் தேடுங்கள். அங்கே 10 ரூபாய்க்கு டீயும் தண்ணீரும், 20 ரூபாய்க்குக் காபியும் சமோசாவும் என்று 2025 பிப்ரவரியில் தொடங்கினார்கள்.

பெட்டி வராவிட்டால்

பெல்ட் நின்ற பிறகும் பெட்டி இல்லையென்றால் வெளியே போகும் முன்பே நிறுவனத்தின் லக்கேஜ் கவுன்டரில் பி.ஐ.ஆர் எனப்படும் புகார்ப் படிவம் எழுதி, அதன் எண்ணை வாங்குங்கள். வெளியே போய்விட்டால் பெட்டி உங்கள் கையில் கிடைத்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். பெட்டிச் சீட்டின் 10 இலக்க எண் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியிருக்கும், அது இல்லாமல் தேட முடியாது. பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும் தாமதமாக வந்த பெட்டிக்குக் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். இடைப்பட்ட நாளில் வாங்கிய உடை, சோப்பு, பிரஷ் ரசீதையும் இணையுங்கள்.

பணம் திரும்ப வராதபோது

ஏஜென்ட் மூலம் போட்ட டிக்கெட்டின் பணம் ஏஜென்டுக்குத்தான் திரும்பும். "ஏர்லைன்ஸ் இன்னும் தரலை" என்று அவர் சொன்னால், இ-டிக்கெட் எண்ணை வைத்து நிறுவனத்திடம் நேரே கேளுங்கள். எந்தத் தேதியில் திருப்பினார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தேதியோடு போனால் ஏஜென்டின் பேச்சு மாறும். இந்திய விதிப்படி ஏஜென்ட் நிறுவனத்தின் ஆள்தான், அதனால் திருப்பித் தரும் பொறுப்பிலிருந்து நிறுவனம் தப்ப முடியாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல், பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளம், அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். பன்னாட்டுப் பயணத்தில் தாமதத்துக்கும் பெட்டிக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வழக்குப் போட, போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. போர்டிங் பாஸ் கிழிசலை அதுவரை டிராயரில் போட்டு வையுங்கள்.